கனடாவுக்குச் செல்லும் மணப்பெண்கள் அறிந்திருக்க வேண்டியவை

எமது யாழ். குடாநாட்டில் 'வெளிநாட்டு மாப்பிள்ளை' என்பது போர்க் காலத்திலும் சரி, 2009 இன் பின்னரும் சரி, குடும்பமே தலைநிமிர்வதற்கான ஒரு வழியாகப் பார்க்கப்படுகின்றது. சீதனம், நகை, மண்டபம் பற்றியெல்லாம் மாதக்கணக்கில் பேசுகின்றோம். ஆனால் போய்ச்சேரும் நாட்டில் அந்தப் பெண்ணுக்கு என்ன உரிமை உண்டென்று பேசுவோர் குறைவு. கனடா செல்லும் சகோதரிகள் எனது களப்பணியில் அடிக்கடி கேட்கும் விடயங்களை இங்கே தருகின்றேன்.

முதலில் பத்திரங்கள். இடப்பெயர்வில் தொலைத்தவர்கள் பிறப்பு, விவாகப் பதிவுகளின் உறுதிப்படுத்திய பிரதிகளைப் பிரதேச செயலகத்தில் பெறலாம். தமிழில் உள்ளவற்றைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். மறுமணம் செய்வோருக்கு முதற் கணவரின் மரண அத்தாட்சிப் பத்திரமும் தேவை. எல்லாவற்றிலும் ஒரு பிரதியைத் தாயிடம் விட்டுச் செல்லுங்கள்.

அடுத்தது பிள்ளைகள். கணவனை இழந்து மறுமணம் செய்யும் சிலர், முதல் திருமணத்துப் பிள்ளையை விண்ணப்பத்தில் மறைத்துவிடுகின்றனர். இது பெரும் ஆபத்து. உடன் வராத பிள்ளையையும் கட்டாயம் குறிப்பிட வேண்டும். மருத்துவப் பரிசோதனைக்கும் உட்படுத்த வேண்டும். மறைத்த பிள்ளையைப் பின்னர் கூப்பிடுவது மிகவும் கடினம்.

அங்கு இறங்கியதும் ஒன்பது இலக்கச் சமூகக் காப்புறுதி இலக்கத்தைப் பெறுங்கள். அது இல்லாமல் வேலை செய்ய முடியாது. அதனை எவருக்கும் இரவல் கொடுக்க வேண்டாம். நிரந்தர வதிவிட அட்டை நீங்கள் கொடுத்த விலாசத்துக்குத் தபாலில் வரும். உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கை ஆரம்பியுங்கள். புதிதாகக் குடியேறியோருக்கு அரசாங்கம் இலவச மொழி வகுப்புகளை நடத்துகின்றது. அங்கே ஆங்கிலத்தோடு நான்கு பேரின் பழக்கமும் கிடைக்கும்.

இனி முக்கியமான விடயம். வலிகாமத்தைச் சேர்ந்த ஒரு தாய் என்னிடம் வந்து அழுதார். மகளின் கடவுச்சீட்டைக் கணவர் பறித்து வைத்துக்கொண்டு, "வாய் திறந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவேன்" என்று வெருட்டுகின்றாராம். அடி வாங்கியும் அந்தப் பிள்ளை பொறுத்துக்கொண்டிருந்திருக்கின்றாள்.

உண்மை என்னவென்றால், நிரந்தர வதிவிட உரிமை பெற்ற மனைவியைக் கணவர் திருப்பி அனுப்ப முடியாது. 2012 இல், புதிதாக மணமுடித்த சிலர் இரண்டு வருடங்கள் சேர்ந்து வாழ வேண்டும் என்ற நிபந்தனை கொண்டுவரப்பட்டது. வன்முறைக்குள்ளான பெண்களை அது கட்டிப்போடுகின்றது என்ற எதிர்ப்பினால் 2017 ஏப்ரலில் நீக்கப்பட்டது. பிரிந்தாலும், மூன்று வருடங்களுக்கு மனைவியின் அடிப்படைத் தேவைகளைப் பொறுப்பேற்பதாகக் கணவர் கொடுத்த உறுதிமொழி நீங்காது. ஆனால் விசிற்றர் விசாவில் சென்றவரின் நிலை வேறு. அவர் உடனே சட்ட ஆலோசனை பெற வேண்டும்.

உயிராபத்து என்றால் 911, உள்ளூர்ச் சேவைகள் பற்றி அறிய 211. இந்த இரு இலக்கங்களையும் மனப்பாடம் செய்யுங்கள். கடவுச்சீட்டு உங்களிடமே இருக்கட்டும்.

தாய்மாரே, "எப்படியாவது சமாளி" என்று மட்டும் மகளுக்குச் சொல்லி அனுப்பாதீர்கள். அவளுக்கு என்ன உரிமை உண்டென்பதையும் சொல்லி அனுப்புங்கள்.