விசில் ஊதுகிறவருக்குப் பணம் உண்டு, கற்றுத்தருகிறவருக்கு?

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு எங்கள் வாலிபர் ஐக்கியத்தில் பாதிப் பேரை மத்திய நியூ ஜெர்சியின் ஏதாவது ஒரு சாக்கர் மைதானத்தில் பார்க்கலாம். ஆடுவதற்காக அல்ல, நடுவராக. ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு விசில் ஊதினால் முப்பது, நாற்பது டாலர் கிடைக்கும். பதினான்கு வயதில் அது பெரிய காசு.

கோட்டுக்கு வெளியே மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர் எங்கள் சபை அங்கிள் ஒருவர். பல வருடம் நடுவராக ஓடி, முழங்கால் போன பிறகு புது நடுவர்களுக்கு மென்டராக இருக்கிறார். அவருக்குக் கிடைப்பது நாங்கள் வாங்கிக் கொடுக்கும் காப்பி. அதற்கும் சில சமயம் அவரே காசு கொடுத்துவிடுகிறார்.

அவர் என்ன செய்கிறார் என்பது போன வசந்த காலத்தில்தான் எங்களுக்குப் புரிந்தது. எங்களில் ஒரு பெண்ணுக்கு அது மூன்றாவது ஆட்டம். பெனால்டி கொடுத்தாள். எதிரணிப் பயிற்சியாளர் மைதானத்துக்குள்ளேயே வந்து கத்தினார். பின்னால் பெற்றோர் கூட்டமும் சேர்ந்துகொண்டது. அங்கிள் ஒன்றும் பேசவில்லை. எழுந்து நடந்துபோய் அந்தப் பெற்றோர் பக்கத்தில் நின்றார், அவ்வளவுதான். சத்தம் தணிந்தது. இடைவேளையில் அவளிடம் இரண்டே காரியம் சொன்னார்: "விசிலைச் சத்தமா ஊதும்மா, சந்தேகமா ஊதினா அவங்களுக்கும் சந்தேகம் வரும். இன்னொண்ணு, பந்துக்கு இன்னும் பத்தடி கிட்ட போ." பெனால்டி சரியா தப்பா என்று வாயே திறக்கவில்லை. வீட்டுக்குப் போகும்போது காரில் அழுத பெண், அடுத்த சனிக்கிழமை திரும்பி வந்தாள்.

எல்லோரும் திரும்பி வருவதில்லை. 2018-19க்கும் 2021-22க்கும் இடையில் அமெரிக்க உயர்நிலைப்பள்ளி விளையாட்டுகளில் ஏறக்குறைய 50,000 நடுவர்கள் விலகிவிட்டதாக அவற்றின் தேசியக் கூட்டமைப்பே சொன்னது. கொரோனா ஒரு காரணம், வசவு இன்னொன்று. நம் மாநிலத்தில் டெப்ட்ஃபோர்ட் ஊர் லிட்டில் லீக்கில் 2023இல் தொண்டு நடுவர்கள் இரண்டு பேர் விலகியதும் ஒரு விதி போட்டார்கள்: நடுவரைத் திட்டுகிற பெற்றோர் மூன்று ஆட்டங்களுக்குத் தாங்களே நடுவராக நிற்க வேண்டும், அதுவரை மைதானத்துக்குள் வரக்கூடாது. எங்களில் பலர் இதைப் படித்துவிட்டுத் தங்கள் அப்பாவை நினைத்துக்கொண்டார்கள்.

எங்கள் பிள்ளைகள் விசில் ஊதும் கிளப்பில் ஒரு காலை நேரத்தில் ஆறு மைதானங்களில் ஆட்டம் நடக்கும், மென்டர் ஒருவர்தான். இன்னும் ஆள் வேண்டும் என்றால் பணம் கொடுக்க வேண்டுமா? கிளப் நிர்வாகம் கேட்ட இந்தக் கேள்வி எங்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கும் வந்து சேர்ந்தது.

அங்கிள் வேண்டாம் என்றார். 1 கொரிந்தியர் 9ஐத் திறந்தார். தனக்குள்ள உரிமையைத் தான் பயன்படுத்தவில்லை என்று பவுல் சொல்லும் இடம். நர்ஸாக இரவு வேலை பார்க்கும் அக்கா ஒருவர் அதே அதிகாரத்தின் முற்பகுதியைக் காட்டினார். போரடிக்கிற மாட்டைப் பற்றிய பகுதி அது. "பவுல் வாங்கலை, சரி. ஆனா மத்தவங்களும் வாங்கக்கூடாதுன்னு எங்க சொன்னார்? நீங்க ரிட்டயர் ஆனவர் அங்கிள். எனக்கு ஒரு ஷிப்ட் போனா வாடகை இடிக்கும்." கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. இலவசமாகச் செய்ய முடிகிறவர்கள் மட்டுமே வரக்கூடிய ஊழியமாக அது ஆகிவிட்டிருந்ததை நாங்கள் அதுவரை யோசித்ததே இல்லை.

பணமே இல்லாமல் பெரிய அளவில் நடத்தவும் முடியும். 1964இல் கலிபோர்னியாவின் டோரன்ஸில் தொடங்கிய ஆய்சோ அமைப்பில் பயிற்சியாளர், நடுவர், நடுவருக்குக் கற்றுத்தருகிறவர் என்று பெரும்பாலோர் தொண்டர்கள். பே ஏரியாவில் நம் உறவினர் பிள்ளைகள் பலர் அதில்தான் ஆடுகிறார்கள். ஆனால் அங்கே விசில் ஊதுகிறவருக்கும் பொதுவாகப் பணம் இல்லை. எங்கள் நெருடல் வேறு: மாணவனுக்குக் கூலி, ஆசிரியருக்குக் காப்பி.

சரி, ஏதோ கொஞ்சம் கொடுப்போம் என்றால் அதிலும் ஒரு பொறி. யூரி நீசி, ஆல்டோ ருஸ்டிசினி என்ற இரு பொருளியலாளர்கள் இஸ்ரேலில் பள்ளி மாணவர்களை வீடு வீடாக நன்கொடை வசூலிக்க அனுப்பிப் பார்த்தார்கள். வசூலில் ஒரு சதவீதம் பெற்றவர்கள், ஒன்றுமே பெறாதவர்களைவிடக் குறைவாக வசூலித்தார்கள். பத்து சதவீதம் பெற்றவர்கள் அதைவிட மேல், ஆனாலும் சும்மா போனவர்களை எட்டவில்லை. கொடுத்தால் போதுமானதாகக் கொடு, இல்லையென்றால் கொடுக்காதே என்ற பொருளில் 2000ஆம் ஆண்டு வெளிவந்த அந்தக் கட்டுரைக்குத் தலைப்பே வைத்தார்கள்.

சட்டமும் இருக்கிறது. நம் மாநிலம் 1986இல் தொண்டுப் பயிற்சியாளர், மேலாளர், நடுவர் ஆகியோரை இழப்பீட்டு வழக்குகளிலிருந்து காக்கச் சட்டம் இயற்றியது. உண்மையான செலவைத் திருப்பி வாங்கினால் பாதுகாப்பு போகாது. சம்பளம் வாங்கினால் போய்விடும். 1997இன் மத்தியச் சட்டத்திலும் செலவு போக ஆண்டுக்கு 500 டாலருக்கு மேல் பெறுகிறவர் தொண்டர் ஆகமாட்டார். அந்தப் பட்டியலில் மென்டர் எங்கே நிற்கிறார் என்பது வக்கீல் பார்க்க வேண்டிய விஷயம். ஒரு சிறுவனுக்கு அடிபட்டு யாராவது வழக்குப் போட்டால் அங்கிளின் வீடு என்ன ஆகும் என்று கேட்டபோதுதான் அவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மைல் கணக்கு இன்னும் வேடிக்கை. தொண்டுக்காகக் கார் ஓட்டினால் வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று அரசு சொல்லும் அளவு மைலுக்கு 14 சென்ட். 1998இலிருந்து அது மாறவே இல்லை. வேலைக்காக ஓட்டினால் 2025இல் 70 சென்ட். அங்கிள் போய்வர 40 மைல் என்றால் ஒன்று 5 டாலர் 60 சென்ட், மற்றது 28 டாலர். டோல் தனி.

கடைசியில் கிளப் இரண்டு வழி வைத்தது. தொண்டராகவே இருக்க விரும்புகிறவருக்கு மைலும் டோலும் மட்டும், எழுதிக் கொடுத்தால். மற்றவர்களுக்கு ஒரு காலைக்கு நடுவருக்குக் குறையாத தொகை, கிளப்பின் இன்சூரன்ஸில் பெயரும் சேரும். அதற்காக ஒவ்வொரு பிள்ளையின் பதிவுக் கட்டணத்திலும் சில டாலர் கூடியது; முணுமுணுப்பு இல்லாமல் இல்லை.

நர்ஸ் அக்கா இரண்டாவதில் பெயர் கொடுத்தார். ஞாயிறு ஆட்டங்களுக்கு வரமாட்டேன், ஆராதனை இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அங்கிள் முதலாவதில் கையெழுத்துப் போட்டார். படிவத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மைலை எங்கேப்பா எழுதணும்?" என்று எங்களில் ஒருவனிடம் கேட்டார்.