காருக்கு எதைப் பூசுவது?

பெருநாள் நெருங்கினால் வீட்டுச் சுவருக்கு மட்டுமல்ல, வாசலில் நிற்கும் காருக்கும் மினுக்கம் தேடுகின்றோம். கடையிலோ பொலிஷ், வேக்ஸ், செரமிக் என்று பல போத்தல்கள். அவையெல்லாம் ஒன்றல்ல.

பொலிஷ் என்பது காப்பு அல்ல, தேய்ப்பு. பெரும்பாலான கார்களில் நிறத்தின் மேலே நிறமற்ற ஒரு படை உண்டு. அதன் தடிப்பு சுமார் 40 முதல் 50 மைக்ரோன். ஒரு தலைமுடியின் தடிப்பைத் தாண்டாது. அதில் சிறிதைச் சுரண்டித்தான் பொலிஷ் கீறலை மறைக்கின்றது. இதை அறியாமல் பெருநாளுக்குப் பெருநாள் பொலிஷ் போட்டு, எனது பழைய காரின் கூரையை நானே வெளிறச் செய்தேன்.

காப்பது மெழுகு. பிரேசில் நாட்டுக் கார்னோபா பனையோலையில் எடுக்கும் மெழுகு நன்றாக மினுங்கும்; ஆனால் நமது வெயிலில் சில வாரங்களே நிற்கும். செயற்கைப் பொலிமர் பூச்சு சில மாதங்கள் நிற்கும். செரமிக் சில வருடங்கள் தாங்கும், செலவோ அதிகம். கீறலை நீக்காமல் பூசினால் கீறலும் அதனடியில் தங்கிவிடும்.

சாதாரணக் குடும்பக் காருக்குப் பொலிமர் பூச்சே போதும். காரைக் கழுவி, ஈரம் துடைத்து, நிழலில் வைத்து மெல்லியதாகப் பூசுங்கள். பாத்திரம் கழுவும் சவர்க்காரம் மெழுகைக் கரைத்துவிடும், அதைத் தவிருங்கள். காக்கை எச்சத்தை உடனே நனைத்துத் துடையுங்கள்.

தண்ணீர் முத்து முத்தாக உருண்டால் காப்பு இருக்கின்றது. பரந்து படிந்தால் மீண்டும் பூசுங்கள். மெழுகு போனால் மீண்டும் பூசலாம். தேய்ந்த படையோ திரும்பி வராது.