கொச்சித் துறைமுகத்தில் நீருக்கடியில் ஒலி

பள்ளுருத்திக்கு வடக்கே, தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்திலிருந்து முகத்துவாரம் வரை விசைப்படகுகளும் சரக்குக் கப்பல்களும் தூர்வாரும் கப்பல்களும் நீருக்குள் எழுப்பும் இரைச்சலில் கரையில் நிற்பவர் காதுக்கு எட்டுவது மிகச் சொற்பமே. நீர்ப்பரப்பு, கீழிருந்து வந்து மோதும் ஒலியாற்றலில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கைக் காற்றுக்கு விட்டுவிட்டு, மற்றதை நீருக்குள்ளேயே திருப்பியனுப்புகிறது.

காற்றில் நொடிக்கு 340 மீட்டர் அளவில் செல்லும் ஒலி நீரில் 1,500 மீட்டர் அளவில் பாய்கிறது என்றாலும், கொச்சிக் காயலில் அந்த வேகம் ஆண்டு முழுவதும் ஒன்றாக இருப்பதில்லை. கோடையில் காயல் பெரும்பாலும் உப்புநீராகிவிட, தென்மேற்குப் பருவமழையில் பெரியாறும் மூவாற்றுப்புழையாறும் கொண்டுவரும் நன்னீர் மேலே மிதந்தோட, கனமான கடல்நீர் அதன் அடியில் ஆப்புப் போல உட்புகுகிறது. 30 பாகை வெப்பத்தில் நன்னீரில் ஒலிவேகம் சுமார் 1,510 மீட்டர், அதே வெப்பமுள்ள கடல்நீரில் சுமார் 1,545 மீட்டர். அடிநீர் குளிர்ந்திருந்தால் இந்த இடைவெளி குறையும். வேகம் குறைந்த அடுக்கை நோக்கியே ஒலி வளையும் என்பதால், படகின் சுழலி மேலடுக்கில் எழுப்பும் ஒலியில் கிட்டத்தட்டக் கிடைமட்டமாகச் செல்லும் பகுதி, அடுக்குகளின் எல்லையில் பட்டு மீண்டும் மேலேயே திரும்பிவிடுகிறது. ஆனால் சில மீட்டர் தடிப்பே உள்ள அடுக்கால் அலைநீளம் குறைந்த, அதாவது கீச்சென்ற ஒலிகளைத்தான் இப்படிப் பிடித்துவைக்க முடியும்.

தாழ்ந்த உறுமலுக்குத் தடை வேறு. பத்து மீட்டர் ஆழமுள்ள நீரில், அடித்தளம் பாறையாகவே இருந்தாலும், நொடிக்கு 37 அதிர்வுகளுக்குக் குறைந்த ஒலி நெடுந்தொலைவு செல்வதில்லை. சேற்றுத் தரையோ அதற்கு மேற்பட்ட ஒலியையும் உறிஞ்சிக்கொள்கிறது. ராபர்ட் பிரிஸ்டோவின் திட்டப்படி துறைமுகத்தில் அள்ளிய மண்ணால் உருவான வில்லிங்டன் தீவு, நீர்வழியை எர்ணாகுளம், மட்டாஞ்சேரி என இரண்டாகப் பிரிப்பதால், துறைச்சுவர்களின் எதிரொலியும் இதில் சேர்கிறது. கப்பற்படைக்குச் சோனார், அதாவது ஒலியைக் கொண்டு நீருக்கடியில் உள்ளவற்றைக் கண்டறியும் கருவி, வடிவமைக்கும் ஆய்வகம் கொச்சியின் திருக்காக்கரையிலேயே இருப்பது பொருத்தம்தான்.

2023இல் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோவின் மின்படகுகள் பேட்டரியில் ஓடும்போது டீசல் எஞ்சினின் அதிர்வு இல்லை. ஆனால் வேகமாகச் சுழலும் இறக்கைகளின் பின்புறம் அழுத்தம் குறைந்து, நீராவிக் குமிழ்கள் தோன்றி நொறுங்கும் ஓசை எந்த எஞ்சினையும் பொறுத்ததன்று. வேகத்தைக் குறைத்தால்தான் அது அடங்கும். காற்றுப்பையை அதிரவைத்துக் குரலெழுப்பும் கத்தாழை மீனின் ஒலி பெரும்பாலும் நொடிக்குச் சில நூறு அதிர்வுகள் என்ற அளவில், டீசல் படகின் இரைச்சலும் பரவிக் கிடக்கும் அதே எல்லைக்குள் அமைவதால், எஞ்சின் நின்ற பயன் முதலில் அந்த மீனுக்கே கிடைக்கும்.