சம்பளம் வராத மாதமும் பி.எஃப். பணமும்

மாதம் ஐந்தாம் தேதி விடிந்தால் தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை வீட்டுக்கு வீடு ஒரே மாதிரி குறுஞ்செய்தி வரும். வீட்டுக் கடன் தவணை போனது, பைக் தவணை போனது, பிரிட்ஜ் வாங்கிய தவணை போனது. முப்பதாம் தேதியே சம்பளம் விழுந்துவிடுவதால் அதை யாரும் நின்று படிப்பதில்லை. வேலை மாறும் மாதத்தில்தான் அந்தச் செய்தி கண்ணை உறுத்தும்.

ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி வாழ்பவர்களுக்கு வேலை மாறுவது புதிதல்ல. சானடோரியத்தில் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம் 1984-ல் தொடங்கிய காலத்திலிருந்தே இங்கே ஆட்கள் ஒரு கேட்டிலிருந்து இன்னொரு கேட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். பிறகு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலை நகர், ஓ.எம்.ஆர். என்று கம்பெனி பஸ் போகும் திசைகள் பெருகின. 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூரின் பெரிய செல்போன் ஆலை மூடியபோதும், 2022 ஜூலையில் மறைமலை நகரின் கார் ஆலை உற்பத்தியை நிறுத்தியபோதும் இந்தப் பகுதியின் எத்தனையோ குடும்பங்கள் ஆட்டம் கண்டன. அவர்கள் கதை வேறு. நாலாயிரம், ஐயாயிரம் கூடுதலாகக் கிடைக்கிறது என்று தாமாகவே விரும்பி மாறுகிறவர்களும் ஏன் புதுக் கடனோடு புது வேலையில் உட்காருகிறார்கள் என்பதுதான் இங்கே கேள்வி.

ஒரு சம்பளம், இரண்டு மாதம்

ஜூன் 15-ல் ஒருவருக்குப் பழைய கம்பெனியில் கடைசி நாள் என்று வைத்துக்கொள்வோம். பாதி மாதச் சம்பளம் உடனே கைக்கு வராது. ‘ஃபைனல் செட்டில்மென்ட்’ என்று நிறுத்தி வைப்பார்கள். பல இடங்களில் முப்பது, நாற்பத்தைந்து நாள் ஆகிவிடுகிறது. புதிய இடத்தில் ஜூன் 23-ல் சேர்கிறார். அங்கே சம்பளக் கணக்கை 20-ம் தேதியோடு முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வாரச் சம்பளம் ஜூலை 31-ல்தான் சேர்ந்து வரும். ஆக, மே 31-ல் வாங்கிய சம்பளம் ஜூலை 31 வரை தாக்குப்பிடிக்க வேண்டும். நடுவே பள்ளிக்கூடம் திறந்திருக்கும். ஃபீஸ், நோட்டு, யூனிஃபார்ம், வேன் வாடகை எல்லாம் அந்த ஜூனில்தான்.

இன்னொரு பள்ளமும் இருக்கிறது. புதிய கம்பெனி வேறு வங்கியில் சம்பளக் கணக்கு தொடங்கித் தரும். தவணைகளோ பழைய கணக்கிலிருந்தே போய்க்கொண்டிருக்கும். பணம் இருந்தும், தவறான கணக்கில் இருந்ததால் தவணை திரும்பியவர்கள் உண்டு. திரும்பினால் கடன் கொடுத்தவரும் அபராதம் போடுவார், கணக்கு வைத்திருக்கும் வங்கியும் போடும், அந்த வங்கிக் கட்டணத்தின்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வரி வேறு. நிலுவை 90 நாளைத் தாண்டினால் அந்தக் கடன் வாராக்கடன் பட்டியலுக்குப் போய்விடும்.

இந்த இடைவெளியை எப்படி நிரப்புகிறார்கள்? முதலில் கைமாற்று. அடுத்து மூணு வட்டி. நூற்றுக்கு மாதம் மூன்று, ஆண்டுக்கு 36. கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு போனால் மாதம் மூன்றரை வீதம் ஆண்டுக்கு 42. வீட்டுக்காரம்மாவின் வளையல் அடகுக்குப் போவதும் நடக்கிறது. இதெல்லாம் நமக்குத் தெரிந்த கதை. எனக்குக் கவலை தருவது கடைசியில் கைவைக்கும் இடம்: பி.எஃப்.

‘சும்மாதானே கிடக்கு’

கம்பெனி மாறினால் பி.எஃப்.-ஐ எடுத்துவிடுவது இங்கே ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. விதி என்னவோ வேறு: வேலையை விட்டு, மறுவேலையும் இல்லாமல் இருப்பவருக்குத்தான் முழுத் தொகை. புது வேலையில் சேர்ந்தவர் பழைய கணக்கைப் புதியதற்கு மாற்ற வேண்டும். ஆனாலும் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் விண்ணப்பம் போட்டுவிட்டு வருகிறார்கள். சும்மாதானே கிடக்கிறது, கடனையாவது அடைப்போம் என்பது நியாயம்.

அந்தப் பணம் சும்மா கிடக்கவில்லை. 2023-24, 2024-25 இரண்டு ஆண்டுக்கும் 8.25 சதவீத வட்டி. இன்று எடுக்கும் ஒன்றரை லட்சத்தை எடுக்காமல் விட்டு, வட்டியும் இதே அளவில் நீடித்தால், 20 ஆண்டில் அது ஏழே கால் லட்சத்தைத் தாண்டும். இடையில் வேலை இல்லாத காலத்திலும் 58 வயது வரை வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். ஐந்து ஆண்டு முடியுமுன் எடுத்தால் வரியும் உண்டு. தொகை 50,000-ஐத் தொட்டால் பான் எண் கொடுத்தவருக்கே 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். கணக்கை மாற்றியிருந்தால் பழைய கம்பெனியில் உழைத்த ஆண்டுகளும் அந்த ஐந்தில் சேர்ந்திருக்கும்.

இதைவிடப் பெரிய இழப்பு ஓய்வூதியத்தில். முதலாளி செலுத்தும் பங்கிலிருந்து சம்பளத்தின் 8.33 சதவீதம் ஓய்வூதியக் கணக்குக்குப் போகிறது. பத்து ஆண்டு சேவை இருந்தால்தான் மாத ஓய்வூதியம். மூன்று கம்பெனிகளில் நாலு நாலு வருடம் உழைத்தவருக்குப் பன்னிரண்டு வருடம். 15,000 ரூபாய் உச்சவரம்பில் கணக்கிட்டால் மாதம் 2,571 ரூபாய். ஒவ்வொரு முறையும் படிவம் 10சி போட்டு எடுத்தவருக்குச் சேவை பூஜ்யம். இரண்டாயிரத்து ஐந்நூறு பெரிய தொகையா என்று இளவட்டங்கள் கேட்கலாம். வருமானமே இல்லாத அறுபத்தைந்து வயதில் மாத்திரைச் செலவுக்குப் பிள்ளையிடம் கை நீட்டாமல் இருக்க அது போதும்.

42 சதவீதக் கடனை 8.25 சதவீதப் பணத்தால் அடைப்பது கணக்குப்படி லாபம்தானே என்று சொல்லும் ஆலோசகர்களும் உண்டு. காகிதத்தில் சரி. ஆனால் காலியான கார்டு தீபாவளிக்குள் மறுபடி நிரம்பிவிடும், காலியான பி.எஃப். நிரம்பப் பத்து வருடம் வேண்டும். ஒருகாலத்தில் விதைநெல்லை உலையில் போட்ட குடும்பத்தை ஊரே பேசும். இன்று அதை எல்லோரும் செய்வதால் பேச ஆளில்லை. 2025 அக்டோபரில் பி.எஃப். மத்திய அறங்காவலர் வாரியம், 25 சதவீதத்தைக் கணக்கிலேயே வைத்திருக்க வேண்டும், வேலை இழந்தவர் முழுத் தொகையையும் எடுக்க 12 மாதமும் ஓய்வூதியப் பணத்தை எடுக்க 36 மாதமும் காத்திருக்க வேண்டும் என்று முடிவெடுத்தது. நம் பணத்துக்கே பூட்டா என்று எதிர்ப்பு கிளம்பியது. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்றாலும், என் ஓட்டு பூட்டுக்கே.

பிறகு கடனை எதைக் கொண்டு அடைப்பது?

பணிக்கொடையும் விடுப்புச் சம்பளமும் இதற்கென்றே வந்த பணம். அடிப்படைச் சம்பளம் 26,000 ரூபாய், ஐந்து வருட சேவை என்றால் பணிக்கொடை 75,000 ரூபாய். நாலரை வருடத்தில் அவசரப்பட்டுக் கடிதம் கொடுப்பவர் பொதுவாக அதை இழந்துவிடுகிறார். தேதியைப் பார்த்துவிட்டுக் கடிதம் கொடுங்கள். வந்த தொகையில் முதலில் கார்டு, அடுத்து மாதவட்டிக் கடன், பிறகு தனிநபர் கடன் என்று அடைக்கலாம். வட்டி குறைந்த வீட்டுக் கடன் கடைசியில் நிற்கட்டும். மூன்று மாதத் தவணைக்கான பணம் பழைய கணக்கிலேயே இருக்கட்டும்.

சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டும் வேலைக்குப் போகிறவர்களுக்கு இ.எஸ்.ஐ. கைவிட்டுப் போகும், பழைய கம்பெனியின் மருத்துவக் காப்பீடும் பெரும்பாலும் கடைசி நாளோடு முடிந்துவிடும். ஆஸ்பத்திரிச் செலவுதான் அடைத்த கடனை மறுபடி கூட்டி வருவது. குடும்பத்துக்கு ஒரு பாலிசி எடுத்துவிட்டு மாறுங்கள். பழைய கம்பெனியில் வாங்கிய சம்பளத்தைப் படிவம் 12பி-யில் புதிய இடத்தில் காட்டிவிடுங்கள். காட்டாவிட்டால் இரண்டு கம்பெனிகளும் தனித்தனியே கழிவு கொடுத்து வரியைக் குறைத்துப் பிடிப்பார்கள். ஜூலையில் வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது மொத்தமாக வட்டியோடு கட்ட வேண்டிவரும்.

முக்கியமாக, ராஜினாமா கடிதம் கொடுக்குமுன் வீட்டில் சொல்லுங்கள். எந்த மாதம் சம்பளம் வராது என்பது மனைவிக்கு முன்கூட்டியே தெரிந்தால் சீட்டு ஏலத்தை எப்போது எடுப்பது, எந்தச் செலவைத் தள்ளிப்போடுவது என்று அவரே கணக்குப் போட்டுவிடுவார்.

புது கம்பெனியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே பி.எஃப். தளத்தில் பழைய கணக்கைப் புதியதற்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். எடுப்பதற்கான படிவம் பக்கம் போகவே வேண்டாம்.