மூத்தது சுறாவா, காளானா?

சுறாவுக்கும் காளானுக்கும் என்ன பொருத்தம்? இரண்டுமே நம்மைவிட நீண்ட காலம் வாழ்பவை. இரண்டுக்கும் வயது கண்டுபிடிப்பது பெரும்பாடு.

வட அட்லாண்டிக்கின் குளிர்நீரில் வாழும் கிரீன்லாந்து சுறா, ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர்கூட வளர்வதில்லை. பல மீன்களின் வயதைச் செவிக்கல் வளையங்களை எண்ணியே சொல்லிவிடலாம். இதன் உடம்பிலோ மென்மையான குருத்தெலும்புதான். எண்ணுவதற்கு வளையமே பதியாது. கைகொடுத்தது கண். விழிவில்லையின் நடுவிலுள்ள புரதம் தாய் வயிற்றிலேயே உருவாகி, கடைசிவரை மாறாமல் இருக்கும். அதிலுள்ள கதிரியக்கக் கார்பனை அளந்து, 28 சுறாக்களின் வயதை 2016-இல் வெளியிட்டார்கள். ஐந்து மீட்டர் நீளமுள்ள ஒன்றுக்குச் சுமார் 392 வயது. 120 ஆண்டு முன்பின் இருக்கலாம். குறைத்துக் கணக்கிட்டாலும் 272! இனப்பெருக்கத்துக்குத் தயாராகவே ஏறக்குறைய 150 ஆண்டு ஆகுமாம்.

அமெரிக்காவின் ஓரிகன் காட்டில் மண்ணுக்கடியில் கறுப்பு ஷூ லேஸ்போலப் பரவி, மரவேர்களைத் தின்கிறது ஆர்மிலாரியா ஆஸ்டோயே என்ற காளான். பரப்பு சுமார் 965 ஹெக்டேர். அத்தனையும் ஒரே உயிர் என்று எப்படித் தெரியும்? வெவ்வேறு இடத்து இழைகளை ஒரே தட்டில் வளர்த்தார்கள். ஒரே காளானுடையவை என்றால் கலந்துவிடும். வேறென்றால் நடுவே எல்லைக்கோடு விழும். மரபணுச் சோதனையும் உறுதி செய்தது. பரவும் வேகத்தை வைத்துக் கணக்கிட்ட வயது 1,900 முதல் 8,650 ஆண்டுகள். (இவ்வளவு அகலமான விடைக்குப் பள்ளியில் மதிப்பெண் கிடைக்காது.)

சுறாவின் ஆயுளுக்குக் குளிரும் மந்தமான வளர்சிதை மாற்றமும் காரணமாக இருக்கலாம். காளானுக்கோ ஒருசேர முதுமையடையும் உடல் கிடையாது. பின்னால் இழைகள் மடிந்தாலும், முன்விளிம்பு எப்போதும் புதிது.