சுகாதாரப் பட்டமும் கிராமத்தின் தீர்ப்பும்

சர்வகலாசாலைகளில் பாடத்திட்டங்களைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை திருத்தியமைப்பது வழக்கம். பேராசிரியர்கள் கூடுகிறார்கள், பழைய பாடங்களில் சில நீங்குகின்றன, புதிய பெயர்கள் சில ஏறுகின்றன, தீர்மானம் நிறைவேறுகிறது. அதனால் ஜனங்களுக்கு விளைந்த பயன் யாது என்று கேட்பாரைக் காணோம். எல்லாப் படிப்புக்களையும் பற்றி இங்கே நாம் பேசப் புகவில்லை. பொதுச் சுகாதாரம், பொது நிர்வாகம் ஆகிய இரு துறைப் பட்டங்களையும் இவ்வாறு அறைக்குள்ளேயே திருத்தி முடித்துவிடுவது தேசத்துக்கு நன்மை தராது என்பதே நமது அபிப்பிராயம். ஏனெனில் இவ்விரு துறைகளிலும் மாணவன் அரைகுறையாகக் கற்றால், அதற்குரிய தண்டனையை அனுபவிப்பவன் அவனல்லன்; குடத்துடன் குழாயடியில் நிற்கும் கிராமவாசியே.

இதைச் சிந்திப்பதற்குக் காந்திகிராமத்தினும் ஏற்ற இடம் தமிழ்நாட்டில் இல்லை. திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையே, சிறுமலையின் அடிவாரத்தில், சின்னாளபட்டிக்கு அருகே 1947-ஆம் ஆண்டில் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஸ்ரீ ஜி. ராமச்சந்திரனும் அந்த ஸ்தாபனத்தை நிறுவினார்கள். அம்மையார் வைத்தியம் கற்றவர். அவருடைய கணவரோ மகாத்மாவின் நிர்மாணத் திட்டத்தில் ஊறியவர். ஆகவே, நோய் தீர்க்கும் பணியும் கிராமத்தைச் சீர்படுத்தும் பணியும் அங்கே தொடக்கத்திலேயே ஒரே கூரையின் கீழ் வந்தன. 1956-ல் கிராமிய உயர்கல்வி நிலையமாகவும், 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகவும் கல்விப் பகுதி வளர்ந்தது. ஆத்தூர் வட்டாரத்தில் 1959-ல் சுகாதாரச் சோதனைத் திட்டம் ஒன்று தொடங்கப்பெற்றது. அதன் அனுபவத்திலிருந்தே 1964-ல் கிராமிய சுகாதாரத்துக்கும் குடும்ப நலத்துக்குமான தனி நிலையம் எழுந்தது. முதலில் கிராமம், பிறகு கட்டிடம், அதற்கும் பிறகே பாடப் புத்தகம். இந்த வரிசையை நண்பர்கள் கவனிக்க வேண்டும்.

இன்று பல இடங்களில் இந்த வரிசை தலைகீழாக மாறியிருக்கிறது. சுகாதாரம் ஒரு துறை, நிர்வாகம் மற்றொரு துறை என்று பிரித்து வைத்து, ஒன்றில் பயில்வோன் மற்றொன்றின் வாசலைக் கூட மிதிக்காதபடி பட்டங்கள் அமைந்திருக்கின்றன. நோய்க் கிருமிக்கு இந்தப் பிரிவினை தெரியுமா? டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு, சாக்கடையை நாடுவதன்று. வீட்டுக்குள் தேக்கி வைத்த நல்ல நீரில் முட்டையிடுவது. ஜனங்கள் ஏன் நீரைத் தேக்குகிறார்கள்? குழாயில் தினந்தோறும் நீர் வராததால். ஏன் வரவில்லை? இந்தக் கேள்விக்கு வைத்திய நூலில் விடை இல்லை; ஊராட்சியின் கணக்குப் புத்தகத்திலும் குடிநீர்த் திட்டத்தின் கோப்பிலும் இருக்கிறது. திண்டுக்கல்லைச் சுற்றித் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட கதையும் அத்தகையதே. நீரைச் சோதித்து அது குடிக்கத் தக்கதன்று என்று சொல்ல ரசாயனம் போதும். கெட்டுப் போகாமல் காக்கவோ சட்டமும், அதிகாரமும், அதைப் பயன்படுத்தும் மன உறுதியும் வேண்டும்.

லண்டன் நகரில் 1854-ஆம் ஆண்டு காலரா பரவியபோது, ஒரு தெருவின் நீரிறைக்கும் குழாயே அதற்குக் காரணம் என்று ஜான் ஸ்நோ என்னும் வைத்தியர் கண்டுபிடித்தார். உலகம் அவரைப் போற்றுகிறது; போற்றுதல் தகும். ஆனால் அந்தக் குழாயின் கைப்பிடியைக் கழற்றும் அதிகாரம் அவரிடம் இல்லை. அது அவ்வட்டாரத்து நிர்வாக சபையிடம் இருந்தது. அவர் அவர்களிடம் சென்று எடுத்துரைத்தார். அவர்களும் செவி சாய்த்தார்கள். கண்டறியும் அறிவும் கழற்றும் அதிகாரமும் சந்தித்த இடமே பொதுச் சுகாதாரம். இவ்விரண்டையும் சந்திக்கவொட்டாத கல்வி எவ்வளவு உயர்ந்த பட்டத்தைத் தந்தாலும் பாதிக் கல்வியே.

தமிழ்நாடு இதில் பின்தங்கிய நாடன்று. இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொதுச் சுகாதாரத்துக்கென்று தனிச் சட்டம் 1939-ல் சென்னை மாகாணத்திலேதான் நிறைவேறிற்று. நோயாளிக்குச் சிகிச்சை செய்யும் இலாகா வேறு, நோய் வராமல் தடுக்கும் இலாகா வேறு என்னும் ஏற்பாடும் இங்கே நெடுங்காலமாக நிலவுகிறது. ஜில்லாவில் சுகாதாரப் பொறுப்பு ஏற்கும் வைத்தியர்கள் பொதுச் சுகாதாரத்தில் தனிப் பயிற்சி பெறுகின்றனர். 1946-ல் வெளியான போர் கமிட்டியின் அறிக்கை, தடுப்பு வைத்தியத்தை மருத்துவக் கல்வியின் உயிர்நாடியாக்க வேண்டும் என்று வற்புறுத்தியது. அந்தக் கமிட்டியில் நம் லட்சுமணசுவாமி முதலியாரும் ஓர் உறுப்பினர். திருவனந்தபுரத்தில் அச்சுதமேனன் நிலையம் 1997-ல் பொதுச் சுகாதார முதுநிலைப் பட்டத்தைத் தொடங்கியது. பிறகு அப்பட்டம் நாடெங்கும் பல்கிப் பெருகியது. ஒவ்வொரு மாநிலமும் பொதுச் சுகாதார நிர்வாகத்துக்கெனத் தனிப் பணியாளர் அணி அமைக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை கூறிற்று. மறு ஆண்டே மத்திய சர்க்கார் அந்தப் பட்டத்துக்கு மாதிரிப் பாடத்திட்டமும் வெளியிட்டது.

கொள்கைக்குக் குறைவில்லை, மாதிரிக்கும் குறைவில்லை. குறை எங்கே? பட்டத்தை யாருக்காக அளிக்கிறோமோ அவர்களிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காததில் இருக்கிறது. ஆகவே, இப்படிப்புக்களைத் திருத்தியமைக்கும்போது நான்கு காரியங்கள் நிறைவேற வேண்டுமென்று நாம் கருதுகிறோம்.

முதலாவது, கணக்கு. புதிய பாடம் சேர்ப்பதற்கு முன், பத்து ஆண்டுகளில் பட்டம் பெற்றோர் எத்தனை பேர், அவர்களில் சுகாதாரப் பணியிலோ ஊராட்சிப் பணியிலோ இருப்போர் எத்தனை பேர் என்று ஒவ்வொரு கலாசாலையும் வெளியிட வேண்டும். உத்தியோகமே இல்லாத பட்டத்துக்கு ஆண்டுதோறும் இளைஞர்களைச் சேர்த்துக் கட்டணம் வாங்குவது கல்வி தானமன்று.

இரண்டாவது, இணைப்பு. சுகாதார மாணவன் ஊராட்சியின் வரவு செலவைப் படிக்கக் கற்க வேண்டும். நிர்வாக மாணவன் நோய்ப் புள்ளி விவரத்தைப் படிக்கக் கற்க வேண்டும். 1992-ல் நிறைவேறிய எழுபத்து மூன்றாவது அரசியல் சட்டத் திருத்தம் ஊராட்சிகளுக்கு உரியனவாகக் குறித்த 29 விஷயங்களில் குடிநீரும், சுகாதாரமும், குடும்ப நலமும் அடங்கும். அப்படியிருக்க, இரு துறை மாணவர்களும் ஒருவரையொருவர் அறியாமல் பட்டம் பெறுவது விந்தையே.

மூன்றாவது, வாசம். மாணவர்கள் கிராமத்தில் தங்கிப் பணி செய்வது காந்திகிராமத்தின் நெடுநாளைய வழக்கம். இதைச் சில நாள் யாத்திரையாகச் சுருக்காமல், மழைக்காலம் ஒன்றும் கோடைக்காலம் ஒன்றும் அடங்குமாறு விரிக்க வேண்டும். காய்ச்சல் வரும் பருவத்தையும் கிணறு வற்றும் பருவத்தையும் காணாதவன் கிராமத்தைக் கண்டவனாகான்.

நான்காவது, மொழியும் தீர்ப்பும். மாணவன் எழுதும் ஆராய்ச்சி அலமாரியில் உறங்கக் கூடாது. அதன் முடிவைத் தெளிந்த தமிழில் அவன் கிராம சபையில் எழுந்து படிக்க வேண்டும். ஜனங்களின் கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். அந்தச் சபை கூறும் கருத்துக்கும் பரீட்சையில் மதிப்பெண் இருக்க வேண்டும்.

இதனால் கல்வியின் தரம் தாழும் என்று கூறுவாருமுளர். படிப்பறியாத ஜனங்கள் பட்டதாரியை எவ்வாறு அளப்பர் என்பது அவர்கள் கேள்வி. புள்ளியியல் முறையைப் பேராசிரியரே அளக்கட்டும். அதில் நமக்கு ஆட்சேபமில்லை. ஆனால் தன் தெருவில் எந்தக் குழாயில் நீர் வரவில்லை என்பதைப் படிப்பறியாத தாய் அறிவாள். அவள் அறிந்ததை அறியாத ஆராய்ச்சி எத்தரத்தது? வைத்தியர் அல்லாதார் சுகாதாரத்தில் தலையிடலாகாது என்று அஞ்சுவோரும் உண்டு. வைத்தியரின் இடத்தை எவரும் பறிக்க வேண்டியதில்லை. கணக்கு, சட்டம், சுத்தம், பிரசாரம் ஆகியவற்றுக்கு வேறு கைகள் துணை வருமானால், வைத்தியரின் கை தன் வேலைக்கு மீளும். 2020-ல் கொரோனா நோய் பரவிய நாட்களில், வீடு வீடாகச் சென்றவர்களும், தொடர்புகளைத் தேடியவர்களும், உணவும் இடமும் ஏற்பாடு செய்தவர்களும் எத்தனை வகைப்பட்டவர்கள் என்பதை நாடு மறந்திராது.

பாடத்திட்டம் பேராசிரியர்களின் சொந்த விவகாரம் என்று தேசத் தொண்டர்கள் ஒதுங்கியிருந்தது போதும். ஆண்டுதோறும் அக்டோபர் 2-ஆம் தேதி கிராம சபை கூடுகிறது. அன்று தத்தம் ஊரின் நீரையும் நோயையும் பற்றி ஒரு தீர்மானம் கொணருங்கள். அருகிலுள்ள கலாசாலையை அழைத்து அதற்கு விடை கேளுங்கள். விடை சொல்ல வருகிற கலாசாலை வாழட்டும். வராத கலாசாலைக்கு, அது எதற்காகப் பட்டம் வழங்குகிறது என்பதை நினைவூட்டும் உரிமை நமக்கு உண்டு, கடமையும் உண்டு.