கருவிளையின் மரபெழுத்து

குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை நிரல்படுத்தும் கபிலர், செருவிளையையும் கருவிளையையும் அடுத்தடுத்து வைக்கின்றார். வெள்ளையும் நீலமுமாகிய இவ்விரண்டும், இன்று நாம் சங்குப்பூ என்றும் காக்கணம் என்றும் வழங்கும் ஒரே கொடியின் இருவகைகள் என்பர். இராஜகீழ்ப்பாக்கத்து வேலிகளிலும் எளிதாகப் படரும் இக்கொடியின் வேரையும் விதையையும் சித்த மருத்துவமும் யுனானி மருத்துவமும் மருந்தாகக் கொண்டுள்ளன. அதே கொடி இன்று மரபணு ஆய்வாளரின் கருத்தைக் கவர்ந்துள்ளது. அதன் காரணத்தை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

அமினோ அமிலங்கள் சில கோவையாக இணைந்தது பெப்டைடு ஆகும். நெடுங்கோவையாயின் அதனைப் புரதம் என்கிறோம். பெப்டைடுகள் பொதுவாகக் கொதிநீரிலும் இரைப்பையிலும் சிதைந்துவிடும். ஆனால் 1960களில் காங்கோவில் பணியாற்றிய நார்வே மருத்துவர் லோரன்ட்ஸ் கிரான், அந்நாட்டுப் பெண்கள் ஒரு செடியைக் கொதிக்கவைத்துப் பேறுகாலத்தில் பருகுவதைக் கண்டார். அக்கசாயம் மகப்பேற்றை விரைவுபடுத்தியது. அதிலிருந்த பெப்டைடு கொதித்தும் சிதையாதது வியப்பன்றோ! 1995இல் அதன் வடிவம் தெளிவாயிற்று. 29 அமினோ அமிலங்கள் தலையும் வாலும் இணைந்து வளையமாகி, ஆறு சிஸ்டீன்கள் மூன்று முடிச்சுகளாய் அவ்வளையத்தை இறுக்கியிருந்தன. இத்தகையவை சைக்ளோடைடு எனப் பெயர் பெற்றன.

இவ்வகைப் பெப்டைடுகளைச் செடிதோறும் அரைத்து, வடித்துத் தேடுதல் நெடும்பணி. மரபணுத் தொகுதி அப்பணியைச் சுருக்குகின்றது. உயிரின் கட்டளைகள் நான்கே எழுத்துகளால் எழுதப்பட்டவை. மும்மூன்று எழுத்துகள் சேர்ந்து ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். ஒரு சொல் எங்கெங்கே வருகிறது எனத் தொடரடைவில் தேடும் புலவரைப் போல, ஆறு சிஸ்டீன்களும் குறித்த இடைவெளியில் அமைந்த தொடரைக் கணிப்பொறி மரபணுத் தொகுதி முழுவதிலும் தேடுகின்றது. 2001இல் காங்கோச் செடியின் சைக்ளோடைடு மரபணு படிக்கப்பட்டது. அப்பெப்டைடு புழுக்களின் வளர்ச்சியைத் தடுப்பதும் அவ்வாண்டே வெளியாயிற்று. 2011இல் கருவிளையிலும் சைக்ளோடைடுகள் அறியப்பட்டன. பயற்றங்குடும்பத்தில் அவை காணப்பட்டது அதுவே முதன்முறை. பயற்று விதைகளில் வழக்கமாக உள்ள அல்புமின் புரத மரபணுவில், ஒரு பகுதியின் இடத்தில் சைக்ளோடைடின் தொடர் அமர்ந்திருந்தது. பழைய பாட்டொன்றில் இடைச்செருகலைக் கண்டாற்போன்றது இது!

எனினும் எழுத்தைக் கண்டது பொருளைக் கண்டதாகாது. மரபணுவில் உள்ளதெல்லாம் செடியில் உருவாவதில்லை. உருவானாலும் வளையமாக மூடிற்றா, எவ்வுறுப்பில் உள்ளது, நஞ்சா மருந்தா என்பன ஆய்வுக்கூடத்திலேயே தெளிவாகும். வளையத்தை மூடும் நொதியையும் கருவிளைக் காயிலிருந்தே 2014இல் சிங்கப்பூர் ஆய்வாளர் பிரித்தெடுத்தனர். அக்கொடிக்கு அங்கு வழங்கும் 'பூங்கா தெலாங்' என்னும் மலாய்ப் பெயரையொட்டி அந்நொதியைப் 'பியூட்டலேஸ்' என்றனர். ஆஸ்திரேலியாவிலோ கருவிளைச் சாறு பருத்திக்குப் பூச்சிமருந்தாயிற்று.

இங்கே நாம் சிந்திக்க வேண்டுவது ஒன்றுண்டு. நம் உயிர்வளத்தைக் கொண்டு பயனடையும் அயலார் அப்பயனைப் பகிர வேண்டும் என்கிறது 2002ஆம் ஆண்டின் உயிரியப் பன்மைச் சட்டம். ஆனால் மரபெழுத்து கணிப்பொறியில் பதிந்தபின், எவரும் செடியைத் தொடாமலே மருந்தைத் தேடலாம். இக்குறையை உணர்ந்தே 2022இல் மாண்ட்ரியல் மாநாடு, மரபெழுத்தால் வரும் பயனும் பகிரப்பட வேண்டும் என ஏற்றது. 2025 பிப்ரவரியில் காலி நிதியம் தொடங்கப்பெற்றது. அதில் குறைந்தது பாதி, பழங்குடியினர்க்கும் உள்ளூர்ச் சமுதாயங்கட்கும் உரியது. ஆயினும் நிறுவனங்கள் அதற்குப் பணம் செலுத்துவது அவற்றின் விருப்பத்தைப் பொறுத்ததே.

காங்கோப் பெண்களின் வழக்கம் இன்றேல் அந்த வளையம் எளிதில் கண்ணில் பட்டிராது. மரபெழுத்து ஒரு பொருளின் வடிவைச் சொல்லும். அதனை யார், எந்நோய்க்கு, எவ்வாறு பயன்படுத்தினர் என்பதைச் சொல்லாது. அச்செய்தி ஏடுகளிலும் ஊர்ப் பெரியோர் நாவிலும் உள்ளது. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் நமக்கு அண்மையிலேயே இருக்கின்றது. செடியின் ஊர்ப்பெயர்களையும் வழக்காறுகளையும் ஊரும் நாளும் குறித்துத் தொகுத்து வைப்பது தமிழ் மாணவர் ஆற்றக்கூடிய பணி. பங்கு கேட்கும் நாளில் சான்றாக நிற்கப்போவது அத்தொகுப்பே. கபிலரும் ஒருவகையில் அப்பணியைச் செய்தவரே.